கூலரைக் காதுக்கு வாங்குங்க, கண்ணுக்கு வேண்டாம்!

சொந்தமா பிசி அசெம்பிள் பண்ணப்போற ஜூனியர்ஸ் நம்மகிட்ட கேக்குற முதல் கேள்வி கிராஃபிக்ஸ் கார்டு பத்தி. அடுத்தது மானிட்டர். கூலர் பத்தி யாருமே கேக்குறதில்ல. பட்ஜெட் ஷீட்ல கடைசி வரியா அது பரிதாபமா உட்கார்ந்திருக்கும். ஒண்ணு, "ப்ராசஸர் பாக்ஸ்லயே வருதே, அது போதும்"னு விட்டுடுவாங்க. இல்லன்னா, கடைக்காரரோ யூடியூப் அண்ணனோ சொன்னாருன்னு கலர் கலரா லைட் எரியுற லிக்விட் கூலருக்கு ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய் எழுதிடுவாங்க.

என் கருத்து ரொம்ப சிம்பிள். ஒரு சாதாரண சிங்கிள் டவர் ஏர் கூலர், அதுல ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன், பயாஸ்ல பத்து நிமிஷ வேலை. நம்மில் பெரும்பாலானவங்களுக்கு இதுக்கு மேல எதுவும் தேவையில்ல. இதை வாங்கும்போதும் "எத்தனை டிகிரி குறையும்?" என்று கேட்கக் கூடாது, "எவ்வளவு அமைதியா ஓடும்?" என்றுதான் கேட்க வேண்டும்.

ஏன் அமைதிக்கு இவ்வளவு முக்கியத்துவம்? நம்ம பிசி எங்க இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. ஹாஸ்டல்ல மூணு பேர் தூங்குற ரூம்ல இருக்கு. வீட்டுலன்னா, அப்பா அம்மா பாய் விரிச்சுப் படுக்குற அதே ஹால்ல இருக்கு. ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க ப்ராஜெக்ட் கம்பைல் பண்ணும்போது அந்த ஃபேன் அலறினா, அது உங்க காதோட நிக்காது. தனி ரூம், ஹெட்ஃபோன் என்று இருக்கிற ரிவியூவருக்கு இது ஒரு சின்ன மைனஸ் பாயிண்ட். நமக்கு அது பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கிறவனோட தூக்கம்.

முதல்ல, உங்க ப்ராசஸர் எவ்வளவு சூடு தரும்?

பாக்ஸ்ல போட்டிருக்கிற டிடிபி நம்பரை மட்டும் நம்பாதீங்க. ரைசன் 5 7600-இன் டிடிபி 65 வாட். ஆனா முழு லோடு குடுத்தா அதோட பவர் லிமிட் 88 வாட். இன்டெல் ஐ5 12400-இன் பேஸ் பவர் 65 வாட், டர்போவில் அதிகபட்சம் 117 வாட். மாணவர்கள் கட்டுற பிசிகள்ல பெரும்பாலானவை இந்த ரகம்தான். இந்தச் சூட்டை நாலு ஹீட்பைப் உள்ள ஒரு டவர் கூலர் அலட்டிக்காம சமாளிக்கும்.

மறுபக்கம் ஐ7 13700கே மாதிரி ப்ராசஸர்கள் இருக்கு. அதோட டர்போ பவர் 253 வாட் வரை போகும். அது வேற உலகம். அதை வாங்குற வசதியும் தேவையும் உள்ளவங்களுக்கு இந்தக் கட்டுரை இல்ல. பிரச்சனை என்னன்னா, 253 வாட்டுக்குச் சொன்ன அறிவுரையை 88 வாட்டுக்காரங்க கேட்டு காசை விடுறாங்க.

சத்தம் எங்கிருந்து வருது?

சூடு சத்தம் போடாது. சின்ன ஃபேன் வேகமா சுத்தும்போதுதான் சத்தம் வரும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ஃபேன் லாஸ் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்ல. காத்தோட அளவு வேகத்துக்கு நேர் விகிதம். ஆனா சத்தம் அப்படி இல்ல. ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்குப் பாதிச் சத்தமா தெரியும் என்பது பொதுவான கணக்கு. அப்போ 15 டெசிபல் எவ்வளவு பெரிய வித்தியாசம்னு பாத்துக்கோங்க.

இப்போ அளவுக்கு வருவோம். 92 மில்லிமீட்டர் ஃபேனோட ஒப்பிட்டா 120 மில்லிமீட்டர் ஃபேனோட பரப்பு 1.7 மடங்கு. அதனால அதே காத்தை ரொம்ப மெதுவா சுத்தியே தள்ளிடும். பாக்ஸ்ல வர்ற கூலர்ல ஃபேன் சின்னது, அலுமினியத் துண்டும் சின்னது. லோடு ஏறினா அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி இன்னும் வேகமா சுத்துறது. அதோட 'ஙொய்ய்ங்' சத்தம் ரூம் முழுக்கக் கேக்கும்.

டவர் கூலர்ல நிலைமை வேற. அடியில இருக்கிற செப்புக் குழாய்க்குள்ள கொஞ்சூண்டு திரவம், பெரும்பாலும் தண்ணிதான், குறைஞ்ச அழுத்தத்துல அடைச்சு வெச்சிருப்பாங்க. ப்ராசஸர் பக்கம் அது ஆவியாகும். மேல தகடுகள் பக்கம் போய் சூட்டைக் குடுத்துட்டுத் திரவமாகும். குழாயோட உள்சுவர்ல இருக்கிற திரி மாதிரியான அமைப்பு அதைத் திரும்பக் கீழ இழுத்துட்டு வரும். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது, சத்தமும் கிடையாது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய ஹீட்பைப், பிறகு செயற்கைக்கோள்களுக்கே போச்சு. அந்தத் தொழில்நுட்பம் இன்னைக்கு இரண்டாயிரம் சொச்சம் ரூபாய்க்குக் கிடைக்குது.

80 டிகிரியைப் பார்த்துப் பயப்படாதீங்க

இங்கதான் நிறைய பேரோட எனக்குச் சண்டை வரும். "மச்சி, 80 டிகிரி காட்டுது, வெந்துடும்டா" என்பார்கள். வேகாது. ரைசன் 5 7600-க்கு ஏஎம்டி கொடுத்திருக்கிற அதிகபட்ச வெப்பநிலை 95 டிகிரி. ஐ5 12400-க்கு இன்டெல் கொடுத்திருப்பது 100 டிகிரி. அந்த எல்லையைத் தொட்டாலும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைச்சுக்கும்.

இன்னொரு விஷயம். வெளிநாட்டு ரிவியூக்கள்ல காட்டுற டெம்பரேச்சர் பெரும்பாலும் 20 டிகிரி சொச்சம் இருக்கிற ஏசி ரூம்ல எடுத்தது. கூலரோட வேலை காத்தோட ஒப்பிட்டு எவ்வளவு டிகிரி அதிகம் என்பதை மட்டும் கட்டுப்படுத்துறது. தெர்மல் ரெசிஸ்டன்ஸ் ஃபார்முலா ஞாபகம் இருக்கா? வெப்பநிலை வித்தியாசத்தை வாட்டால வகுக்கணும், அவ்வளவுதான். உதாரணத்துக்கு, முழு லோடுல ப்ராசஸர் சுத்தியிருக்கிற காத்தைவிட 45 டிகிரி அதிகமா போகுதுன்னு வைங்க. 22 டிகிரி ரூம்ல அது 67 காட்டும். மே மாசம், ஏசி இல்லாத நம்ம 36 டிகிரி ரூம்ல அதே கூலர் 81 காட்டும். கூலர் மட்டம் இல்ல, வெயில் அப்படி. லிக்விட் கூலர் போட்டாலும் இந்த 14 டிகிரி எங்கயும் போகாது. அதுவும் ரூம் காத்தைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது.

அதனால 81-ஐ 70 ஆக்கணும்னு ஃபேனை 2,000 ஆர்பிஎம்-ல ஓட விடுறது வீண். உங்க கம்பைல் நேரம் பெருசா குறையாது, கேம்ல ஃபிரேம் கூடாது. ரூம்மேட் தலையணையைத் தூக்கி எறிவான், அது மட்டும் நடக்கும்.

அப்போ லிக்விட் கூலரே வேஸ்ட்டா?

அப்படிச் சொல்ல மாட்டேன். 250 வாட் ப்ராசஸரை மணிக்கணக்கா ரெண்டரிங்ல ஓட்டுறவங்களுக்குப் பெரிய ரேடியேட்டர் உண்மையிலேயே உதவும். உயரமான டவர் நுழையாத கேபினெட் வெச்சிருக்கிறவங்களுக்கும் அது ஒரு வழி. பார்க்க அழகா இருக்கு என்பதையும் ஒத்துக்கிறேன். உங்க காசு, உங்க ரசனை.

ஆனா "அமைதிக்காக லிக்விட்" என்று சொன்னா ஒத்துக்க மாட்டேன். ரேடியேட்டர்லயும் ஃபேன்தான் சுத்துது. கூடவே ஒரு பம்ப், பிசி ஆன்ல இருக்கிற வரைக்கும் 'கிர்ர்'னு ஓடிட்டே இருக்கும். நீங்க சும்மா பிடிஎஃப் படிச்சுட்டு இருந்தாலும் ஓடும். ஏர் கூலர்ல கெட்டுப்போகக் கூடியது ஃபேன் ஒண்ணுதான். அது போனா எந்தக் கடையிலும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி க்ளிப் மாட்டிடலாம். லிக்விட்ல பம்ப் போனா, பெரும்பாலும் மொத்த யூனிட்டையும் மாத்தணும். வாரண்டி இருந்தாலும், அனுப்பித் திரும்பி வர்ற வரைக்கும் பிசி சும்மா கிடக்கும். அது செமஸ்டர் ப்ராஜெக்ட் சப்மிஷன் வாரமா இருந்தா நிலைமையை யோசிச்சுக்கோங்க. மிச்சமாகுற ஐயாயிரத்தை எஸ்எஸ்டி-யிலோ ராம்-லோ போட்டா தினமும் வித்தியாசம் தெரியும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது

ரிச்சி ஸ்ட்ரீட் போனாலும் சரி, ஆன்லைன்ல ஆர்டர் போட்டாலும் சரி, இந்த நாலையும் பாத்துட்டுக் காசு குடுங்க.

1. உயரம். டீப்கூல் ஏகே400 மாதிரி ஒரு கூலர் 155 மில்லிமீட்டர் உயரம். உங்க கேபினெட் ஸ்பெக்-ல சிபியு கூலர் கிளியரன்ஸ் எவ்வளவுன்னு பாருங்க. சின்ன கேபினெட்கள்ல இது பலருக்குக் கடைசி நேர அதிர்ச்சி.

2. சாக்கெட். இன்டெல் எல்ஜிஏ 1700-இன் ஓட்டை இடைவெளி எல்ஜிஏ 1200-இல் இருந்து வேற. பழைய ஸ்டாக், செகண்ட் ஹேண்ட் கூலர் வாங்கினா சரியான பிராக்கெட் கூட வருதான்னு கேளுங்க.

3. ராம். உயரமான ஹீட்ஸ்பிரெடர் வெச்ச ராம் ஸ்டிக், கூலர் ஃபேனை இடிக்கலாம். லைட் இல்லாத சாதாரண ராம் வாங்கினா இந்தத் தலைவலியே இல்ல.

4. ஃபேன். நாலு பின் பிடபிள்யூஎம் ஃபேனா இருக்கணும். அப்பதான் வேகத்தை ஒழுங்கா குறைக்க முடியும். பாக்ஸ்ல போட்ட டெசிபல் நம்பரை வெச்சு ரெண்டு பிராண்டை ஒப்பிடாதீங்க. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதமா அளக்குறாங்க.

இந்த ரகக் கூலர்கள் பொதுவா 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள்ள கிடைக்கும். கொஞ்சம் கூடப் போட முடிஞ்சா, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் மாதிரி ஆறு ஹீட்பைப் உள்ள டூயல் டவர் பாருங்க. பெரிய ஹீட்சிங்க்னா ஃபேனை இன்னும் மெதுவா ஓட்டலாம். அதிக வாட் இழுக்குற ப்ராசஸருக்குப் பின்னாடி மாறுற ஐடியா இருந்தா அது வீண்போகாது.

காசே இல்லாம செய்யக்கூடியது

கூலர் வாங்கக் காசு இல்லையா? முதல்ல இதைப் பண்ணுங்க. வாங்கினவங்களும் பண்ணுங்க.

பயாஸ்ல ஃபேன் கர்வ் திறங்க. ரைசன் ப்ராசஸர்கள்ல பிரவுசர் திறந்தாலே டெம்பரேச்சர் ஒரு நொடி எகிறி இறங்கும். அதைப் பார்த்து ஃபேன் 'வ்ர்ரூம்'னு ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒரே சீரா வர்ற சத்தத்தைக் காது மறந்துடும். இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்க முடியாது. 60 டிகிரி வரைக்கும் ஃபேனை 40 சதவீதத்துல சமமா வையுங்க. 80-ல 60 சதவீதம், 90-ஐ நெருங்கும்போது முழு வேகம். ஸ்டெப் அப் டைம் மாதிரி ஒரு தாமத செட்டிங் இருந்தா சில நொடிகள் குடுங்க. ராத்திரி வித்தியாசம் உடனே தெரியும்.

அதுவும் பத்தலைன்னா பவர் லிமிட்டைக் குறையுங்க. ரைசன் 7 7700எக்ஸ் மாதிரி 105 வாட் டிடிபி ப்ராசஸருக்கு லிமிட் 142 வாட். ஈகோ மோடுல 65 வாட் டிடிபி தேர்ந்தெடுத்தா அது 88 வாட்டுக்கு இறங்கும். வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறைய குறையும்.

கடைசியா ரெண்டு சின்ன எச்சரிக்கை. புது கூலரோட அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் பேப்பரை உரிச்சுட்டு மாட்டுங்க. ஏஎம்4 போர்டுல பழைய கூலரைக் கழட்டும்போது நேரா மேல இழுக்காதீங்க, பேஸ்ட் ஒட்டிக்கிட்டு ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிட்டு வந்துடும். கொஞ்ச நேரம் பிசியை ஓட விட்டு, ஆஃப் பண்ணி, சூடு ஆறுறதுக்குள்ள இடமும் வலமும் மெல்லத் திருகி எடுங்க. தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

இந்த வாரம் பார்ட்ஸ் லிஸ்ட் போடுறவங்க, அந்தக் கடைசி வரியை ஒருமுறை திருப்பிப் பாருங்க. எட்டாயிரம்னு எழுதியிருந்தா ஏன்னு உங்களையே கேளுங்க. ஒண்ணுமே எழுதலன்னா, பக்கத்துக் கட்டில்காரனைக் கேளுங்க. பாதி காசு அவனே போட்டாலும் ஆச்சரியமில்ல.