பிரம்பு யார் கையில்?

வில்லியம் கோல்டிங் 1954-ல் எழுதிய ‘லார்ட் ஆப் தி ஃபிளைஸ்’ நாவலைப் படித்த மேதாவிகள் பலர் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: பெரியவர்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் பிள்ளைகள் காட்டுமிராண்டிகளாகி விடுவார்களாம், ஆகவே பிரம்பு வேண்டுமாம், அதிகாரி வேண்டுமாம். கதையைச் சரியாகப் படித்தார்களா என்பதே என் சந்தேகம்.

அந்தப் பிள்ளைகள் தீவுக்கு வந்தது எப்படி? பெரியவர்கள் மூட்டிய அணு யுத்தத்திலிருந்து தப்பும்போது விமானம் தாக்கப்பட்டு வந்து விழுந்தவர்கள். மலைமேல் பூதமென்று கண்டு நடுங்கினார்களே, அது என்ன? ஆகாயச் சண்டையில் மாண்டு, பாரசூட்டோடு இறங்கிய ஒரு பெரியவனின் பிணம். கடைசியில் அவர்களை மீட்க வரும் அதிகாரி எதில் வருகிறான்? போர்க்கப்பலில்! பிள்ளைகளின் ஈட்டியைப் பார்த்து அவன் முகம் சுளிக்கிறான். அவனுடைய பீரங்கியைப் பார்த்து முகம் சுளிக்க அங்கே யார் இருக்கிறார்கள்?

தீமை மனிதனுக்குள்ளேயே இருக்கிறது என்பது கோல்டிங்கின் கட்சி. இருக்கட்டும். அதிகாரியும் மனிதன்தானே? பிரம்பை அவனிடம் மட்டும் நம்பிக் கொடுப்பானேன்?

1965-ல் டோங்கா நாட்டுப் பையன்கள் ஆறு பேர் புயலில் சிக்கி, ஆட்டா என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் அங்கேயே வாசம். முறைவைத்து வேலை செய்தார்கள். தீயை அணையாமல் காத்தார்கள். ஒருவன் கால் ஒடிந்தபோது மற்றவர்கள் கட்டுப் போட்டுப் பராமரித்தார்கள். 1966-ல் ஒரு படகு வந்து பார்த்தபோது ஆறு பேரும் உயிரோடிருந்தார்கள்.

அவர்களை மேய்க்க அங்கே எந்தப் பிரம்பும் இருக்கவில்லை, ஐயா!