பிரயாணியை நம்பும் செயலி

பேருந்து, மெட்ரோ, புறநகர் மின்சார ரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே க்யூ.ஆர். சீட்டு என்னும் ஏற்பாட்டோடு 2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வெளிவந்தபோது, தாம்பரத்தில் ரயிலேறி, கிண்டியில் மெட்ரோவுக்கு மாறி, தேனாம்பேட்டையில் பஸ் பிடிக்கிற பிரயாணி மூன்று நிர்வாகங்களிடமும் தனித்தனியே சீட்டு வாங்கி அலைந்த அவஸ்தைக்கு ஒரு பரிகாரம் பிறந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால், சௌகரியத்தைப் பற்றி இத்தனை சிரத்தையோடு யோசிக்கிறவர்கள், அந்தச் சௌகரியம் நடுவழியில் கைவிடும்போது அதன் பலனை யார் அனுபவிப்பது என்ற விஷயத்தை மட்டும் பிரயாணியின் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள் என்பதே என் ஆட்சேபம்.

புறநகர் ரயிலையே பாருங்கள். கைப்பேசியில் எடுக்கும் காகிதமில்லாச் சீட்டு எழும்பூர்–தாம்பரம் மார்க்கத்துக்கு 2015-இலேயே வந்துவிட்டது. பரிசோதகரைக் கண்ட பிறகு அவசர அவசரமாகச் சீட்டு எடுக்கும் சாமர்த்தியசாலிகளைத் தடுக்கும் பொருட்டு, தண்டவாளத்துக்கு அருகிலும் நிலையத்துக்கு உள்ளேயும் நின்றுகொண்டு சீட்டு எடுக்க முடியாதபடி ரயில்வே ஒரு விதி வகுத்தது. விதியின் நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. எனினும் கைப்பேசி நிற்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே கணிக்கும் சாஸ்திரம் அங்குலம் தவறாதது அல்ல என்பதால், குரோம்பேட்டை போன்ற நிலையங்களின் வாசலில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பின்னோக்கியே நடந்து ஜி.எஸ்.டி. சாலையின் போக்குவரத்துக்குள் காலை வைத்துவிடுகிற மனிதர்களைக் காணலாம். அதற்குள் வண்டியும் போய்விடும். நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். பலகையை ஸ்கேன் செய்து உள்ளேயே சீட்டு எடுக்கும் வசதி பிற்பாடு வந்தது. அந்தப் பலகை கண்ணில் படும் இடத்தில், கிழியாமல் இருந்தால் மெத்த நல்லது.

இதைவிடக் கடுமையானது பணம் பிடித்துக்கொண்டு சீட்டுத் தராத சங்கடம். வங்கிக் கணக்கிலிருந்து தொகை கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. செயலியிலோ வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வண்டி பிளாட்பாரத்துக்குள் நுழைகிறது. இரண்டாம் முறை பணம் கட்டுவதா, கட்டியதை நம்பி ஏறுவதா? ஏறியவர் பரிசோதகரிடம் அகப்பட்டால், ஐந்து ரூபாய்ப் பயணத்துக்கு, கட்டணம் போக, குறைந்தபட்சம் 250 ரூபாய் தண்டம் செலுத்த வேண்டும். நிர்வாகம் வாங்கிக்கொண்ட ஐந்து ரூபாயோ சாவகாசமாகத் திரும்பி வரும். பணம் வந்து சேர்ந்ததா இல்லையா என்று நிச்சயமாகத் தெரியாத இடைவேளையில், ‘விசாரணையில் உள்ளது’ என்றொரு தாற்காலிகச் சீட்டைச் செயலியே தந்துவிடுவது அவ்வளவு அசாத்தியமா? ஐந்தும் பத்துமான கட்டணத்தில் நிர்வாகம் இழக்கக்கூடியது அற்பம். நாலு பேர் முன்னிலையில் தண்டம் கட்டும் பிரயாணி இழப்பது மானம்.

இனி பேருந்துக்கு வருவோம். மகளிருக்கு 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆகவே, காத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அடுத்த பஸ் எத்தனை நிமிஷத்தில் வரும் என்பதோடு, அது இலவச வண்டியா, டீலக்ஸா என்பதும் சமமான முக்கியத்துவமுள்ள செய்தி. இதைச் செயலித் திரையின் மேல் வரிசையிலேயே, தமிழில், வெயிலிலும் படிக்கும்படியான கொட்டை எழுத்தில் காட்ட வேண்டும்.

கடைசியாக மீண்டும் ரயிலுக்கு வருகிறேன். இணையம் இல்லாதபோதும் எடுத்த சீட்டைத் திறந்து காட்ட ரயில்வேயின் பழைய யு.டி.எஸ். செயலி இடங்கொடுத்தது பாராட்டத்தக்கது. ஆனால் கைப்பேசியின் பேட்டரி தீர்ந்துவிட்டால், ரயில்வே விதிகளின்படி சீட்டு எடுத்தவரும் சீட்டில்லாப் பிரயாணியே! முன்பதிவு ரயில்களில் பரிசோதகரின் கையிலுள்ள கருவியில் பயணிகளின் பட்டியல் முழுவதும் தெரிகிறது. அதைக் கொண்டே ஆள் இன்னார் என்று பார்த்துக்கொள்கிறார். புறநகர் வண்டியிலும், பிரயாணி தம் கைப்பேசி எண்ணைச் சொன்னால், அன்றைய சீட்டு எடுக்கப்பட்டதா என்று பரிசோதகரே தம் கருவியில் பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். விற்ற சீட்டின் கணக்கு விற்றவரிடம்தானே இருக்கிறது!