குப்பையா, குடிவழிச் சான்றா?

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தமிழர் இல்லங்களில் ஆண்டுதோறும் ஒரு பெருஞ்செயல் நிகழ்கிறது. அலமாரிகள் திறக்கப்படுகின்றன. கட்டிலடியில் கிடக்கும் தகரப்பெட்டிகள் வெளியே இழுக்கப்படுகின்றன. பழைய தாள் வாங்கும் லாரி தாமானுக்குள் வருகிறது. எடைபோட்டுச் சில வெள்ளி கைமாறுகிறது. இல்லம் தூய்மையாயிற்று என்று குடும்பத்தார் மகிழ்கின்றனர். இல்லத்தைத் தூய்மை செய்தல் நன்று. அதை மறுப்பார் இலர். ஆயினும், அந்த லாரியில் ஏறிச் செல்வது யாது என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்?

தோட்டத்து லயத்திலிருந்து வந்த தகரப்பெட்டி வெறும் பெட்டியன்று. பாட்டனார் கப்பலேறி வந்தபோது கொணர்ந்த தாள்கள், பெற்றோரின் பிறப்புச் சூராக்கு, சிவப்பு அடையாள அட்டை, செக்ரோல் கூலிச் சீட்டு, தொழிற்சங்கச் சந்தாப் பற்றுச்சீட்டு, 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம், தோட்டத்துத் திருவிழா அறிக்கை, மங்கிய திருமணப் படம் ஆகியன அதில் அடங்கும். தோட்டத் துண்டாடலின்போது வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தின் சான்று அந்தப் பத்திரம். அதனைப் பழைய தாள் என்று எடைக்குப் போடுவது தூய்மையாகுமா?

இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதன்று. 2011ஆம் ஆண்டில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதிவு செய்ய ‘மைடஃப்தார்’ என்னும் இயக்கம் நாடளாவ நடத்தப்பட்டது. பிறந்த மண்ணிலேயே தம் பிறப்பை மெய்ப்பிக்க இயலாத மக்கள் இருந்தமையால்தான் அத்தகைய இயக்கம் வேண்டியதாயிற்று. அரசின் பொறுப்பும் தோட்ட நிர்வாகங்களின் பொறுப்பும் அதில் உண்டு. அவற்றை மறைத்தல் ஆகாது. ஆனால், கையிலிருந்த சான்றையும் தாமே தொலைத்துவிட்டு அலுவலக வாசலில் கண்ணீர் சிந்தும் குடும்பங்களும் உண்டு. அவர்கட்கு யார் ஆறுதல் சொல்வது?

பழையன கழிவதும் புதியன புகுவதும் குற்றமன்று என நன்னூலாரே சொல்லியிருக்கிறாரே என்று சிலர் வாதிடுவர். தமிழாசிரியர் சிலரும் இவ்வாறு கூறுவதுதான் வேதனை. பவணந்தியார் அதனைச் சொல்லதிகாரத்தின் இறுதியில் கூறினார். மொழியில் சொற்கள் காலப்போக்கில் வழக்கிழப்பதையும் புதிதாக வழங்குவதையும் பற்றியது அவ்விதி. பாட்டனின் பெயர் பொறித்த தாளைக் கிழிக்க அஃது உரிமம் தரவில்லை. நூற்பாவை இடமறியாது எடுத்தாள்வது ஆசிரியர்க்கு அழகன்று.

இன்னொரு சாரார், ஓராண்டு தொடாத பொருள் தேவையற்ற பொருள் என்று புதுநெறி பேசுவர். சட்டைக்கும் சட்டிக்கும் அந்நெறி பொருந்தலாம். பிறப்புச் சூராக்கை எவர் ஆண்டுதோறும் அணிந்து பார்க்கிறார்? முப்பது ஆண்டுகள் தொடாமல் கிடந்து, ஒரே ஒரு நாள் ஒரு குடும்பத்தின் வாழ்வைக் காப்பதுதான் ஆவணத்தின் இயல்பு.

அடுக்குமாடி வீட்டில் இடமேது என்பது மூன்றாவது வாதம். தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டோரின் வீடுகள் சிறியன என்பது உண்மையே. எலியும் கறையானும் அடையும் குவியலை வைத்திருக்குமாறு எவரும் கூறவில்லை. ஆனால், குடும்பத் தாள்கள் அனைத்துக்கும் வேண்டுவது ஒரே ஒரு பெட்டி. ஒருமுறை உடுத்திய பட்டுச் சேலைகளும் உடைந்த மின்விசிறியும் பரிசாக வந்து பிரிக்கப்படாத பீங்கான் தட்டுகளும் எத்தனை அலமாரிகளை அடைத்துக் கொண்டிருக்கின்றன! கழிக்க வேண்டியதைக் காத்தும், காக்க வேண்டியதைக் கழித்தும் வாழ்வது விந்தையிலும் விந்தை.

இத்தவறு புதியதன்று. வரகுண பாண்டியரின் சுவடிகள் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருப்பதாக அறிந்து உ. வே. சாமிநாதையர் அங்குச் சென்றார். பழைய ஏடுகள் ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் இடப்பட்டன என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. ‘என் சரித்திரம்’ நூலில் அவரே இதனைப் பதிந்துள்ளார். எரித்தோர் தீயோர் அல்லர். கடமை செய்ததாகவே கருதினர். இன்று லாரியில் ஏற்றுவோரும் அவ்வாறே கருதுகின்றனர். மாறாக, கோட்டையூர் ரோஜா முத்தையா பிறர் கழித்த நூல்களையும் துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பே சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக வளர்ந்தது.

மலேசியத் தமிழரின் நிலை யாது? 1941இல் கிள்ளானில் எழுந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் கோலசிலாங்கூருக்கும் பரவியது. ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கி முழங்கிற்று, உயிர்கள் வீழ்ந்தன. அவ்வரலாற்றை எழுத முனைவோர் பெரிதும் நம்பியிருப்பது வெள்ளை அதிகாரிகளின் கோப்புகளையே. சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் கதையும் அத்தகையதே. காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உள்ளன. அதே பாதையில் மாண்ட தோட்டத் தமிழர் ஆயிரமாயிரவருள் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல்லறை இல்லை. ஏதேனும் ஒரு கடிதம், ஒரு படம், ஒரு குறிப்பு எஞ்சியிருக்குமாயின் அது யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில்தான் இருத்தல் கூடும்.

ஆதலின் கடமை தமிழாசிரியரிடத்தும் மாணவரிடத்தும் வந்து சேர்கிறது. ஆசிரியர் குடும்ப வரலாற்றைக் கட்டுரைப் பயிற்சியாகத் தருதல் வேண்டும். மாணவர் பாட்டியின் அருகமர்ந்து ஒவ்வொரு தாளையும் எடுத்து, இஃது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கேட்டு எழுதுதல் வேண்டும். படங்களின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயர் குறித்தல் வேண்டும். ஆவணம், கடிதம், படம் என மூவகைப்படுத்தித் தனித்தனி உறையிலிட்டு, ஈரம் புகாத பெட்டியில் வைத்து, மூடியில் பட்டியலை ஒட்டுதல் வேண்டும். படியெடுத்து வேறோர் உறவினரிடம் ஒப்படைத்தலும் தக்கது. அதன்பின் எஞ்சிய குப்பையைத் தாராளமாக லாரியில் ஏற்றலாம்.

தோட்டங்கள் கைமாறின, லயங்கள் இடிந்தன, பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. அவற்றைத் தடுக்கும் ஆற்றல் தொழிலாளிக்கு இருந்ததில்லை. தகரப்பெட்டி ஒன்று மட்டும் இன்றளவும் அவன் கையில் இருக்கிறது. அதைத் திறக்கும் பிள்ளைக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தும் படியாமலே எறிவானாயின், அவனுக்குக் கற்பித்த கல்வியால் ஆய பயன் என்ன?