மாதிரி எடுக்கும் முன் சட்டம் வேண்டும்



2025 ஜூலையில் சம்பூர்க் கடற்கரையோரம் கண்ணிவெடி அகற்றும்போது மனித எலும்புகள் வெளிப்பட்டன. அன்றிலிருந்து எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மாரிடம் ஒரே கேள்விதான்: மரபணுப் பரிசோதனை எப்ப? பிள்ளையின் படத்தைப் பொலித்தீன் உறையில் போட்டு மடியில் வைத்திருக்கும் தாய், இரத்தம் கேட்டால் மறுபேச்சில்லாமல் கையை நீட்டிவிடுவாள். அந்த இரத்தம் பிறகு எந்த மேசைக்குப் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்வதில்லை. இதைத்தான் கண்டிக்கிறேன்.

தாய் கொடுக்கும் மாதிரியில் உயிரோடிருக்கும் மகனும் தம்பியும் பெறாமக்களும் சேர்ந்தே அகப்படுகிறார்கள். 2018இல் கலிபோர்னியாப் பொலிஸார் பல பத்தாண்டுகள் பழைய கொலைகளின் குற்றவாளியைப் பிடித்தது இந்த வழியில்தான். வம்சாவளி தேடுவோர் தம் மரபணு விவரத்தைப் பதிந்துவைத்த ஜெட்மேட்ச் தளத்தில் அவனுடைய தூரத்து உறவுகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அவனிடம் வந்து சேர்ந்தார்கள். அவன்மேல் எனக்கு இரக்கமில்லை. ஆனால் அந்த உறவுகளிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. எதிர்ப்பு வலுத்தபின், 2019இல், சம்மதித்தவரின் விவரத்தை மட்டுமே பொலிஸ் பார்க்கலாம் என்று அத்தளம் விதியை மாற்றியது.

மரபணுச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015இல் கொட்டதெனியாவச் சிறுமி கொலையில் பிடிபட்ட பாடசாலை மாணவனை விடுவித்தது அதுதான். ஆனால் உயிர்த்த ஞாயிறுக் குண்டுத்தாக்குதல் விசாரணையையும் பாருங்கள். சாய்ந்தமருது குண்டுவெடிப்பில் கிடைத்த எச்சங்கள் சாரா ஜெஸ்மின் என்ற சந்தேகநபருடையவையா என்று அறிய, அவருடைய தாயின் மரபணுவோடு ஒப்பிட்டபோது இரண்டு முறை பொருந்தவில்லை. மூன்றாம் முறை பொருந்தியதாக 2023இல் பொலிஸ் அறிவித்தது. இடையில் மாதிரிகள் யார் பொறுப்பில் இருந்தன என்று பொதுமக்கள் கேட்கக் கூடாதா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபணுத் தரவைத் தனிக் கவனத்துக்குரியதாக வகுத்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் தேசிய பாதுகாப்பு, குற்ற விசாரணை என்று சொன்னால் விலக்குக் கிடைக்க அதே சட்டம் இடம் வைத்திருக்கிறது. அந்த இரண்டு சொற்களும் இங்கே எப்படிப் பயன்பட்டன என்பது வடக்குக் கிழக்கில் யாருக்குத் தெரியாது? 2008, 2009இல் கொழும்புப் பக்கம் கடத்தப்பட்ட 11 பேர் திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டார்கள் என்பதுதான் கடற்படையினர் மீதான குற்றச்சாட்டு. சந்தேகத்துக்குரிய அரசிடமே சந்ததியின் மரபணுவையும் ஒப்படை என்றால் எப்படி?

காணாமல் போனோரை அடையாளம் காண எடுக்கும் மாதிரியை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. அது பொலிஸின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். குடும்பம் கேட்டால் அழிக்கப்பட வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும், கட்சி பாராமல், முதல் மாதிரி எடுக்கப்படும் முன்னரே இதைச் சட்டமாக்கக் கோர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.