அம்மாவின் குரலும் முதல் ஒலிவாங்கியும்



எங்கள் மாதர் வட்டத்தைச் சேர்ந்த அக்கா ஒருவர் சீட்டுக் காசில் ஒலிவாங்கி ஒன்று வாங்கினார். பிள்ளைகளுக்கென்று கணவர் கதை சொல்லிப் பதிந்து வைத்த ஒலிநாடாக்கள் 2009 இல் இடம்பெயர்ந்தபோது விடுபட்டுப் போயின. கணவரும் திரும்பி வரவில்லை. எண்பது வயதை நெருங்கும் தாயார் பாடும் தாலாட்டுகளும் அரிவி வெட்டுப் பாடல்களும் அப்படிப் போய்விடக் கூடாது என்பதே அவரது எண்ணம்.

கடைக்காரர் காட்டியவற்றுள் பெரிதாக, அழகாக இருந்ததை வாங்கி வந்தார். ஒரு கிழமை கழித்து, "தங்கச்சி, அம்மான்ர குரலைவிடப் பக்கத்து வீட்டுச் சேவல்தான் வடிவாக் கேக்குது" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனாலும் காசு வீணாகிவிட்டதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. வேறு சகோதரிகளும் ஒலிவாங்கி பற்றிக் கேட்பதால் இம்மாதம் அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இதற்காக நுண்கடன் எடுக்காதீர்கள். கைத்தொலைபேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியால் ஒரு மாதம் பதிந்து பாருங்கள். அது போதுமென்றால் காசை மிச்சம் பிடியுங்கள். போதாதென்றால் மட்டும் கடைக்குப் போங்கள்.

கடையில் பெரும்பாலும் இரண்டு வகை ஒலிவாங்கிகள் இருக்கும். ஒன்று கண்டென்சர். இது மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும். அமைதியான, எதிரொலி இல்லாத அறைக்கு மிக நல்லது. இயங்குவதற்கு மின்சாரம் வேண்டும். பெரிய கலையகங்களில் பயன்படுபவற்றுக்கு 48 வோல்ற்று கொடுக்க வேண்டும். யூ.எஸ்.பி. வகை கணினியிலிருந்தே மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் அக்கா வாங்கியது இந்த யூ.எஸ்.பி. கண்டென்சரைத்தான். தகரக் கூரையும் வெறும் சுவரும் உள்ள வீட்டில் அது சேவலையும் தண்ணீர் மோட்டரையும் சேர்த்தே பிடித்தது.

மற்றது டைனமிக். கூட்டங்களில் கையில் பிடித்துப் பேசுவது பெரும்பாலும் இந்த வகைதான். காந்தத்துக்கு நடுவே உள்ள சிறு கம்பிச் சுருள் குரலின் அதிர்வால் அசையும்போது மின் சமிக்ஞை உண்டாகிறது. ஆகவே சாதாரண டைனமிக் ஒலிவாங்கிக்குப் பற்றரி தேவையில்லை. கை தவறி விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும். வாய்க்கு அருகில் பிடித்தால் குரலே முன்னுக்கு நிற்கும், தூரத்துச் சத்தம் பின்னுக்குப் போய்விடும். ஷுவர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 என்ற ஒலிவாங்கி 1966 இல் அறிமுகமாகி இன்றும் மேடைகளில் பயன்படுவது இதனால்தான். அதற்குப் போலிகளும் அதிகம், கவனம்.

முதன்முதலாக வாங்குபவருக்கு யூ.எஸ்.பி., எக்ஸ்.எல்.ஆர். ஆகிய இரண்டு இணைப்புகளும் உள்ள டைனமிக் ஒலிவாங்கியையே நான் சொல்வேன். சாம்சன் கியூ2யூ, ஓடியோ ரெக்னிக்கா ஏ.ரி.ஆர்.2100எக்ஸ் போன்றவை இவ்வகை. யூ.எஸ்.பி. வழியாக மடிக்கணினியில் பாட்டோ பாடமோ பதியலாம். எக்ஸ்.எல்.ஆர். வழியாகச் சங்கக் கூட்டத்து ஒலிபெருக்கியிலும் பொருத்தலாம். ஒரு செலவில் இரண்டு வேலை. கைத்தொலைபேசியில் பயன்படுத்துவதானால், கடையிலேயே உங்கள் போனில் சொருகிப் பதிந்து கேட்ட பின்னரே காசைக் கொடுங்கள்.

கை நடுங்கும் முதியவருக்குச் சட்டையில் குத்தும் சிறிய ஒலிவாங்கி வசதியானது, விலையும் குறைவு. ஆனால் அவற்றுள் அநேகமானவை எல்லாப் பக்கச் சத்தத்தையும் எடுக்கும். அமைதியான நேரம் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

எதை வாங்கினாலும் தூரம் முக்கியம். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் இடையே நாலு விரல் முதல் ஒரு சாண் வரை போதும். தூரம் இரண்டு மடங்கானால் நேராக வந்து சேரும் குரலின் செறிவு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். 'பா', 'பூ' என்னும்போது காற்று அடித்து 'டப்' என்று கேட்கும். எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலோன் துணியை இழுத்துக் கட்டி இடையில் வைத்தால் அது குறையும். தையல் தெரிந்த எங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது அறை. சுவரோரம் மெத்தையைச் சாத்தி, கொடியில் போர்வைகளையும் தடித்த சேலைகளையும் தொங்கவிடுங்கள். எதிரொலி குறையும். மின்விசிறியை நிறுத்துங்கள். பேச ஆரம்பிக்கு முன் பத்து விநாடி மௌனத்தைப் பதியுங்கள். பின்னர் ஒடாசிற்றி என்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்த மௌனம் உதவும்.

அக்காவின் கதைக்கு வருகிறேன். அவர் வேறு ஒலிவாங்கி வாங்கவில்லை. வாங்கியதையே தாயாரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தோம். பதிவின் அளவைக் குறைத்தோம். சுற்றிவர இரண்டு போர்வைகளைக் கட்டினோம். சேவல் அடங்கிய பின், இரவு எட்டு மணிக்குப் பதிந்தோம். அம்மா பாடி முடித்ததும் போட்டுக் காட்டினோம். "இது என்ர குரலே?" என்று அவர் நம்பவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான். நாம் பேசும்போது எங்கள் குரல் காற்றின் வழியாக மட்டுமன்றி எலும்பின் வழியாகவும் எங்கள் காதுக்கு வருகிறது. ஒலிப்பதிவில் அது இல்லை. "உங்கட குரல்தானம்மா, பிள்ளையளுக்கு இப்பிடித்தான் கேக்கும்" என்றார் மகள். அம்மா இன்னொரு முறை போடச் சொன்னார்.

இறுதியாகச் சில வார்த்தைகள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவரின் பெயரையும் திகதியையும் சொல்லுங்கள். பழைய நினைவு வந்து அவர் அழுதால் நிறுத்திவிட்டு அருகில் இருங்கள், மிச்சத்தை இன்னொரு நாள் பதியலாம். அவரது சம்மதமில்லாமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு பிரதியை உங்கள் வீட்டிலும், மற்றதை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒரே இடத்தில் வைத்திருந்ததை விட்டுவிட்டு ஓடியவர்கள் நாங்கள். அந்த ஒலிநாடாக்களுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.

அடுத்த இதழில் சந்திப்போம்.