குதிரைத்திறன் தண்ணீர் தராது

பாசனக் கிணற்றின் பழைய மோட்டார் காயில் எரிந்து நின்றுவிட்டால், அதைவிடப் பெரிய மோட்டாராகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் யாரும் கேள்வி கேட்காத விதி. 3 எச்.பி. ஓடிய இடத்தில் 5, 5 ஓடிய இடத்தில் 7.5 என்று ஏறிக்கொண்டே போவது வழக்கம். செங்கத்திலோ போளூரிலோ மோட்டார் கடையில் முதலில் கேட்கப்படுவது “எத்தனை எச்.பி. வேணும்?” என்பதுதான். கிணறு மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்று கேட்கும் கடைக்காரர் அபூர்வம். எச்.பி. கூடினால் தண்ணீர் கூடும் என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊன்றிவிட்டது. அது தவறான நம்பிக்கை. அதற்காக விவசாயி செலவழிப்பது மோட்டார் விலையோடு முடிவதும் இல்லை.

மோட்டார் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இருக்கும் தண்ணீரை மேலே தூக்குகிறது. இந்த மாவட்டத்தில் இருக்கும் தண்ணீர் எவ்வளவு என்பதைப் பாறை தீர்மானிக்கிறது. நிலத்தடியில் பெரும்பகுதி சார்னகைட், நைஸ் வகைக் கடினப் பாறை. ஆற்றுப்படுகை மணலைப் போல இப்பாறை தண்ணீரை உறிஞ்சி வைக்காது. மேலே சிதைந்து மக்கிய அடுக்கிலும், கீழே பாறையின் வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்தாலும் அதில் பாறைக்குள் இறங்குவது சிறு பங்கே. ஆகவே கிணற்றுக்கென்று ஓர் ஊறும் வேகம் உண்டு. மாடு கட்டிக் கவலை இறைத்த காலத்தில் இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சால் தரை தட்டினால் மாட்டை அவிழ்த்துவிட்டு ஊறும்வரை காத்திருந்தார்கள். மின்மோட்டார் வந்த பிறகும் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்ற கணக்கு மாறவில்லை. அகப்பைதான் பெரிதாகியிருக்கிறது.

முதலில் திறந்தவெளிக் கிணறு. 30 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 65,000 லிட்டர். நொடிக்கு 5 லிட்டர் தூக்கும் பம்பு இதை மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துக்கொண்டு இறைக்கும். 10 லிட்டர் தூக்கும் பம்பு இரண்டு மணி நேரத்துக்குள் இறைத்துவிடும். வயலுக்குப் போனது இரண்டு வழியிலும் அதே 65,000 லிட்டர்தான். பெரிய பம்பு வாய்க்காலில் பொங்கிப் பாய்வது கண்ணுக்கு நிறைவாக இருக்கும். அந்தக் காட்சிதான் கடையில் மோட்டாரை விற்றுக்கொடுக்கிறது. ஒரு நாள் முழுவதும் பாய்ந்த தண்ணீரைக் கூட்டிப் பார்ப்பவர் இல்லை.

ஆழ்துளைக் கிணற்றில் இந்தத் தவறு இன்னும் மோசமான விளைவைத் தரும். ஆறரை அங்குலப் போரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்பது ஏறத்தாழ 21 லிட்டர். மோட்டாருக்கு மேல் 100 மீட்டர் தண்ணீர் நின்றாலும் மொத்த இருப்பு 2,100 லிட்டருக்குக் கொஞ்சம் கூட. வெடிப்புகளிலிருந்து நொடிக்கு 2 லிட்டர் ஊறும் போரில் நொடிக்கு 6 லிட்டர் தூக்கும் சப்மெர்சிபிளை இறக்கினால், ஒன்பது நிமிடத்தில் தண்ணீர் மோட்டார் மட்டத்துக்கு வந்துவிடும். மறுபடி நிரம்பப் பதினெட்டு நிமிடம் வேண்டும். ஆறு மணி நேரத்தில் இப்படிப் பதின்மூன்று முறை நிறுத்தி ஓட்ட வேண்டியிருக்கும். நேரடியாகத் தொடங்கும் மோட்டார் ஒவ்வொரு தொடக்கத்திலும் வழக்கமான மின்னோட்டத்தைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். சப்மெர்சிபிளின் பேரிங்குகளுக்கு மசகும் குளிர்ச்சியும் தண்ணீரே. அது இல்லாமல் சுழன்றால் பேரிங்கும் காயிலும் போய்விடும். அதே போரில் நொடிக்கு 2 லிட்டர் தூக்கும் சிறிய பம்பு ஆறு மணி நேரமும் நிற்காமல் ஓடி 43,200 லிட்டர் தரும். பெரியது இதைவிட அதிகம் தந்துவிடாது, அடிக்கடி எரிவது மட்டும் உறுதி. எரிந்ததும் “மோட்டார் பத்தலை” என்று இன்னும் பெரியதை வாங்குவதுதான் இந்தக் கதையின் வேடிக்கையான பகுதி.

நீர்மட்டத்தை ஆழமாக இறக்கினால் ஊற்று வேகமெடுக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வதுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மட்டம் தாழத் தாழச் சுற்றுப்புறத்திலிருந்து வரும் அழுத்தம் கூடும். ஆனால் மட்டம் வெடிப்புக்குக் கீழே இறங்கிய பிறகு அந்த ஊற்று சுவரில் வழிந்து கொட்டுமே தவிர, வரத்து அதற்குமேல் ஏறாது. தூக்க வேண்டிய உயரம் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

இன்னொரு வாதம் இதைவிட வலுவானது. மும்முனை மின்சாரம் நாள் முழுவதும் வருவதில்லை, வரும் சில மணி நேரத்துக்குள் இறைத்தாக வேண்டும், அதனால் பெரிய மோட்டார் தேவை என்கிறார்கள். இதை வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. மின்சாரம் நிற்கும் நேரத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் போதும். இறைக்கத்தக்க தண்ணீர் நாள்தோறும் மிச்சமிருந்தால், பழைய பம்பு உண்மையிலேயே சிறியது. மின்சாரம் நிற்பதற்கு முன்பே கிணறு வற்றிவிட்டால், அந்தப் பம்பே கிணற்றுக்குப் பெரியது. இந்த மாவட்டத்தின் கோடையில் பெரும்பாலான கிணறுகள் இரண்டாவது வகை.

இந்த நம்பிக்கைக்கு உயிர் கொடுப்பது கிணற்றைவிடப் பக்கத்து நிலத்துக் கிணறுதான். ஒரே வெடிப்பு இரண்டு போர்களுக்கும் ஊட்டினால், வேகமாக இழுப்பவருக்குக் கூடுதல் பங்கு கிடைக்கும். வற்றும் கிணற்றில் எச்.பி. கூடினால் தண்ணீர் கூடும் என்பது உண்மையாகும் ஒரே இடம் இது. அங்கும் கூடும் தண்ணீர் பக்கத்து நிலத்துடையது. அந்த நிலத்துக்காரரும் அடுத்த ஆண்டே பெரிய மோட்டாருக்கு மாறுவார், அத்தோடு ஆதாயம் தீர்ந்துவிடும். பிறகு கிணற்றை ஆழப்படுத்துவது, கிணற்றுக்குள்ளேயே போர் போடுவது, பக்கவாட்டில் சைடு போர் விடுவது என்று போட்டி நீளும். இந்த மாவட்டமும் அடங்கியிருந்த பழைய வட ஆற்காட்டில் பம்புசெட் பெருகிய காலத்தை 1970-களில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கிராமம் கிராமமாக ஆராய்ந்தார்கள். பி.எச். ஃபார்மர் தொகுத்து 1977-இல் வெளிவந்த அந்த ஆய்வு நூல் பசுமைப் புரட்சி என்ற பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டிருந்தது. அன்றைக்கு மாடும் எண்ணெய் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இறைத்த கிணறுகள் பல இன்று வெறும் பள்ளங்கள்.

தண்ணீர் இருந்தும் வயலுக்கு வராமல் போகும் இடங்களும் உண்டு. அங்கேயும் பழி எச்.பி. மீதே விழுகிறது. தரையில் வைத்து உறிஞ்சும் மோனோபிளாக் பம்பை எடுத்துக்கொள்ளலாம். உறிஞ்சும் குழாயில் தண்ணீரை மேலே தள்ளுவது காற்றுமண்டல அழுத்தம். அதன் எல்லை கணக்குப்படி சுமார் 10.3 மீட்டர், நடைமுறையில் ஆறு ஏழு மீட்டர். நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால் 3 எச்.பி. மோட்டாரும் தோற்கும், 15 எச்.பி. மோட்டாரும் தோற்கும். பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைப்பதோ தண்ணீருக்குள் மூழ்கும் பம்புக்கு மாறுவதோதான் வழி. ஃபுட்வால்வு ஒழுகுவதாலும் உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்றுப் புகுவதாலும் தண்ணீர் குறைந்த பம்புகள் எத்தனையோ பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

அடுத்தது குழாய். மோட்டாரை மாற்றுபவர்கள் பழைய குழாயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாயில் நொடிக்கு 5 லிட்டர் 100 மீட்டர் தூரம் ஓடினால், உராய்வு மட்டும் சுமார் 13 மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமமான பாரம். அதே குழாயில் 10 லிட்டரைத் திணித்தால் பாரம் ஏறத்தாழ 48 மீட்டர். ஓட்டம் இருமடங்கானால் உராய்வு நான்கு மடங்கை நெருங்கும் என்பதே காரணம். பெரிய மோட்டாரின் கூடுதல் சக்தி பெரும்பாலும் குழாய்ச் சுவரில் கரைகிறது. மாறாக, 5 லிட்டர் ஓட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு குழாயை 75 மி.மீ. ஆக்கினால் 13 மீட்டர் பாரம் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கும். எரியாத மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டுப் பெரியது வாங்குவதைவிட இது சிக்கனமான வழி. ஆனால் ஊரில் காட்டிப் பெருமைப்படக் குழாயில் என்ன இருக்கிறது!

மின்கம்பி விஷயமும் இப்படித்தான். 200 மீட்டர் நீளமுள்ள 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 5 எச்.பி. மோட்டாருக்கான 9 ஆம்பியர் ஓடும்போது சுமார் 20 வோல்ட் வழியிலேயே போகும். 10 எச்.பி. மோட்டாரை அதே வயரில் மாட்டினால் 40 வோல்ட் போகும், வயரின் சூடு நான்கு மடங்காகும். கோடையில் கடைக்கோடிக் கிராமத்துக்கு 415 வோல்ட் முழுதாக வருவதில்லை. மோட்டார் முனையில் 350 வோல்ட் கிடைத்தால் முறுக்குவிசை 30 விழுக்காடு அளவுக்குக் குறையும், காயிலின் சூடு ஏறும்.

1990-இல் விவசாயத்துக்கு மின்சாரம் முற்றிலும் இலவசமான பிறகு, வீணானால் நமக்கென்ன என்ற எண்ணம் இந்த நம்பிக்கையோடு சேர்ந்துகொண்டது. பில் வராது என்பது உண்மை. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் கொள்ளளவை எந்தச் சலுகையும் கூட்டித் தராது. 5 எச்.பி. மோட்டார் ஒன்று சுமார் 6 கே.வி.ஏ. கேட்கும் என்று வைத்தால், 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் பதினாறு மோட்டார்களைத் தாங்கும். அத்தனை பேரும் 7.5-க்கு மாறினால் பதினொன்றோடு நிற்கும். ஆட்டோ ஸ்விட்ச் போட்டிருப்பதால், மும்முனை மின்சாரம் வந்த நொடியில் எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. வோல்டேஜ் விழுகிறது, ஃப்யூஸ் போகிறது, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் பயிர் காய்கிறது. அனுமதிக்கப்பட்ட எச்.பி.க்கு மேல் மோட்டார் ஓட்டுவது விதிமீறல் என்பது வேறு விஷயம். பெரிய மோட்டார் போட்டவரும் அதே குறைந்த வோல்டேஜில்தான் ஓட்டுகிறார்.

அப்படியானால் பழைய கிணற்றுக்குப் புதுப் பம்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடைக்குப் போவதற்கு முன் கிணற்றடியில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கயிறு விட்டு அளக்க வேண்டும். இறைத்து நிறுத்தியபின் ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால் ஊறும் வேகம் தெரிந்துவிடும். போரில் என்றால், 200 லிட்டர் பேரலைக் குழாய் வாயில் வைத்து நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். நாற்பது நொடியில் நிரம்பினால் நொடிக்கு 5 லிட்டர். ஓட்டத் தொடங்கியவுடன் அளந்தால் போரில் நின்ற தண்ணீர்தான் கணக்கில் வரும், ஒரு மணி நேரம் ஓடிய பிறகு அளப்பதே சரி. குழாய் நிறைய வருகிறது, ரெண்டு இஞ்சு தண்ணி என்பதெல்லாம் அளவாகாது.

தேவையான ஓட்டமும் மொத்த உயரமும் தெரிந்துவிட்டால் எச்.பி. தானே விடையாக வரும். நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை உராய்வும் சேர்ந்த மொத்த உயரத்தால் பெருக்கி 76-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போகும் குதிரைத்திறன். 4 லிட்டர், 55 மீட்டர் என்றால் 2.9. பம்பின் செயல்திறன் 60 விழுக்காடு என்றால் அதற்கு வேண்டியது 4.8, அதாவது 5 எச்.பி. மோட்டார். அதே 5 எச்.பி.யிலும் எல்லாப் பம்பும் ஒன்றல்ல. ஸ்டேஜ் குறைவான பம்பு குறைந்த உயரத்துக்கு அதிகத் தண்ணீர் தரும், ஸ்டேஜ் கூடியது அதிக உயரத்துக்குக் குறைந்த தண்ணீர் தரும். 100 மீட்டர் ஆழத்துக்குச் செய்த பம்பை 30 மீட்டர் கிணற்றில் இறக்கினால் அது தன் செயல்திறன் எல்லைக்கு வெளியே ஓடும். பெயர்ப்பலகையில் எச்.பி. பெரிய எழுத்தில் இருக்கும். ஹெட், டிஸ்சார்ஜ் என்று சிறிய எழுத்தில் இருப்பவையே இந்தக் கிணற்றுக்கு அது பொருந்துமா என்று சொல்பவை. பல முறை ரீவைண்டிங் செய்த மோட்டாரை மாற்ற நினைப்பவர்கள், பழைய மோட்டாரை மாற்ற வேளாண்மைப் பொறியியல் துறை தரும் மானியத்தையும் விசாரிக்கலாம். அங்கும் எச்.பி.யைக் கூட்டிக் கேட்பதைவிட நட்சத்திரக் குறியீடு கூடிய பம்பைக் கேட்பதே பயன் தரும். ஐந்நூறு அடிக்குக் கீழே சொற்பமாக ஊறும் போரில் இந்தக் கணக்கு ஒன்றரை, இரண்டு எச்.பி.யில் வந்து நிற்கலாம். அதைக் கண்டு வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு பம்புக்கும் எந்த உயரத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் அட்டவணையைத் தயாரிப்பாளர்கள் அச்சிட்டே தருகிறார்கள். அடுத்த மோட்டார் வாங்கப் போகும்போது முதலில் அந்த அட்டவணையைக் கேளுங்கள். அதை எடுத்துக் காட்டாமல் “இன்னும் ஒரு சைஸ் பெருசா போடுங்க” என்று சொல்லும் கடையில் பணத்தைக் கொடுக்காதீர்கள்.