சாக்கடையை மட்டும் திட்டலாமா?

மழைக்காலம் வந்தாலே கொசுவுக்காகச் சாக்கடையைத்தான் திட்டுவோம். நானும் அப்படித்தான். போன ஐப்பசியில் என் மகளுக்கு டெங்கு என்று டாக்டர் சொன்னதும், "பாழாப்போன சாக்கடையாலதான்!" என்று புலம்பினேன். வீடு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர், "அக்கா, இங்க வாங்க" என்று கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். முதுகு உடைந்ததால் நான் தூக்கிப் போட்ட கொலு பொம்மை, பீங்கான் யானை. அதன் வயிற்றில் ஒரு டம்ளர் மழைத் தண்ணீர். அதில் நெளியும் புழுக்கள்!

டெங்கு கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது; தெளிந்த தண்ணீர்தான் வேண்டும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை போகாது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். எட்டுப் பத்து நாளில் கொசுவாகிவிடும். புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், புழு சாகாது.

2017-ல் தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் அதிகமானோருக்கு டெங்கு வந்தது. அரசு கணக்குப்படியே 65 பேர் இறந்தார்கள்.

டிரம்மைத் தேய்த்துக் கழுவுவது நம் வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழி முழுவதும் பெண்கள் தலையில் விழுவது என்ன நியாயம்? குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் யார் டிரம்மில் பிடித்து வைக்கப் போகிறார்கள்? எங்கள் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். கோணல், விரிசல் என்று கழித்துப் போட்ட சாமான்கள் வெட்டவெளியில் கிடந்தால் என்ன ஆகும்? மண்சட்டியாவது தண்ணீரை உறிஞ்சும். பளபளப்புப் பூசிய பீங்கான் ஒரு சொட்டும் உறிஞ்சாது. ஒவ்வொரு கிண்ணமும் கொசுத் தொட்டில்தான். பட்டறை நடத்துகிற அண்ணன்மார்கள் ஐப்பசி பிறக்குமுன் அவற்றைக் கவிழ்த்து வைக்கட்டும், அல்லது நொறுக்கிப் பள்ளத்தில் கொட்டட்டும். செலவில்லாத வேலைதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டதும், "அப்பாடா" என்று நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று சாயங்காலமே மகளுக்கு வயிற்று வலி, ஓயாத வாந்தி. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் பிழைத்தாள். டெங்குவில் காய்ச்சல் தணிகிற நேரம்தான் ஆபத்தான நேரமாம். கடையில் கேட்டு ஆஸ்பிரின், வலி மாத்திரை கொடுத்துவிடாதீர்கள், ரத்தக்கசிவு அதிகமாகும்.

வெள்ளிக்கிழமை தோறும் வீடு கழுவி, விளக்குத் துலக்குகிறோம். அந்தக் கையோடு தொட்டியையும் டிரம்மையும் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுவோமே, சகோதரிகளே!

- ஓர் இல்லத்தரசி, விருத்தாசலம்.